வல்லாரை காணுமோ?



அழைப்பிதழில் என் தலைப்பு நீட்டி அச்சாகியிருக்கிறது: ‘நச்சு உலோகங்களால் மரபுப்பொருளுக்கு ஏற்படும் சேதமும் ஒட்சியேற்ற எதிரிகளின் காப்பும்’. அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் ஒருவர், “இதுக்குச் சனம் வருமோ?” என்று கேட்டார். வந்திருக்கிறீர்கள், நன்றி. தலைப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். சுருக்கித் தந்தவர் சுன்னாகத்து அம்மா ஒருவர்.

2015இன் தொடக்க மாதங்கள் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் வாளியை இறக்கித் தூக்கினால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் பளபளத்தது. தண்ணீர்ப் பவுசர் வரும் நேரத்துக்கு முன்பே ஒழுங்கை முகப்பில் வாளிகளும் குடங்களும் வரிசை கட்டி நின்றன. தலைமுறை தலைமுறையாகத் தன் கிணற்றுத் தண்ணீரைப் பெருமையோடு விருந்தினருக்குக் கொடுத்த சனம் அது. தண்ணீருக்கு வரிசையில் நிற்பது அதற்குப் பழக்கமில்லாத அவமானம். அந்த நாட்களில் ஒரு கோயில் மடத்தில் ஊராருக்கு விளக்கம் சொல்லக் கூப்பிட்டார்கள். எண்ணெய், கிறீஸ், உலோகம், அளவு, நியமம் என்று ஒரு மணித்தியாலம் பேசினேன். முடிவில் ஓர் அம்மா எழுந்தார். “சேர், நான் பிள்ளையளுக்கு ஒவ்வொருநாளும் வல்லாரைச் சம்பல் குடுக்கிறன். முருங்கையிலையும் வறுக்கிறன். காணுமோ?”

“நல்லது அம்மா, குடுங்கோ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காணுமா, காணாதா என்பதற்கு அது பதிலாகாது. அன்று மழுப்பினேன். உயிரிரசாயனம் படிப்பிக்கிறவன் மழுப்பியது இன்றுவரை உறுத்துகிறது. இந்தச் சொற்பொழிவு அந்த அம்மாவுக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலில் சுன்னாகத்தை அதன் அளவில் வைத்துவிடுவோம். கிணறுகள் மாசான விடயம் வழக்காகியது; அந்த வழக்கின் மையம் எண்ணெய். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரை மாசாக்கியதற்கு, மின்நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் பொறுப்பு என்று கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. உலோகம் அந்த வழக்கின் அச்சாணி ஆகவில்லை. ஆனாலும் எண்ணெயையும் உலோகத்தையும் முழுக்கப் பிரித்துப் பேச முடியாது. மின்நிலையங்களில் எரிக்கும் கனமான எண்ணெயில் இயற்கையாகவே வனேடியமும் நிக்கலும் இருக்கின்றன. எஞ்சினில் ஓடிக் கறுத்த ஒயிலில் தேய்ந்த உலோகத் துகள் இருக்கிறது. எங்கள் கராஜுகளில் அந்தக் கறுத்த ஒயில் எங்கே ஊற்றப்படுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அது போய்ச் சேரும் இடம் சுண்ணக்கல். இந்தக் கல் எங்களுக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது. சுண்ணக்கல் நீர் காரத்தன்மை உடையது. ஈயமும் கட்மியமும் அதில் இலகுவில் கரைந்து நிற்பதில்லை, காபனேற்றாகப் படிந்துவிடும். இது எங்கள் நல்லூழ். ஆனால் அதே கல்லுக்குள் பொந்தும் குகையும் வெடிப்பும் உண்டு. நவக்கிரி நிலாவரையையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மணல் நிலத்தில் தண்ணீர் அரிபட்டு அரிபட்டு இறங்கும். இங்கே மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய்விடும். கிணறுகளில் சேரும் நைத்திரேற்று விடயத்தில் இதை நாங்கள் பல பத்தாண்டுகளாகப் படித்துவருகிறோம். படித்தும் பாடம் ஏறவில்லை என்பது வேறு கதை.

கிணற்றை விட்டு வீட்டுக்குள் வருகிறேன். உலோகத்தை நான் முதலில் கண்டது ஆய்வுகூடத்தில் இல்லை, எங்கள் வீட்டுக் கோடியில்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றித்தான் ரேடியோ கேட்டோம். சிம்னி விளக்குக்கு எண்ணெய் கட்டுப்படியாகாமல் ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத்திரி வைத்துப் படித்தோம். செத்துப்போன டோர்ச் பற்றறியை வெயிலில் காயவைத்து உயிர்ப்பிக்கப் பார்ப்போம். அதற்கும் மசியாததை உடைத்துக் கரிக்குச்சியை எடுத்து மதிலில் எழுதுவோம். கை முழுக்கக் கறுப்பு மா. அந்தக் கையோடுதான் பனங்காய்ப் பணியாரம்.

பக்கத்து வளவு மாமா கடல் தொழில். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு கடையில் கிடையாது. பழைய கார் பற்றறியை உடைத்து, தட்டுகளைக் கழற்றி, ஒரு இரும்புத் தாச்சியில் போட்டுத் தென்னம்மட்டை நெருப்பில் உருக்குவார். சாம்பல் நிறத்தில் கிடந்த தட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து, திடீரென்று பளீரென்று வெள்ளியாக ஓடும். அதை மணலில் கிண்டிய குழிகளுக்குள் ஊற்றுவார். நாங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் குந்தியிருந்து வாய் பிளந்து பார்ப்போம். அதைவிட வடிவான காட்சியை நான் அந்த வயதில் கண்டதில்லை. வேலை முடிந்ததும் மாமி அந்தத் தாச்சியைச் சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி உள்ளே கொண்டுபோவார். பொருள் தட்டுப்பாடான காலம். ஒரு நல்ல இரும்புத் தாச்சியை யார் ஒதுக்கி வைப்பார்கள்? கோப்பிக்கொட்டை வறுத்ததும் அதில்தான்.

உருகும் ஈயத்துக்கு மேலே எழும் புகை கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை பெரியவரைவிட வேகமாக மூச்சிழுக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்திலும் பெரியவரைவிடப் பல மடங்கு பங்கைப் பிள்ளையின் குடல் உறிஞ்சும். ஏன் தெரியுமா? வளரும் எலும்பு கல்சியத்துக்காக வாய் திறந்து நிற்கிறது. ஈயம் கல்சியத்தின் வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்தது எலும்பில் பல பத்தாண்டுகள் குடியிருக்கும். குந்தியிருந்து பார்த்த எங்கள் எலும்புகளில் அந்தக் காலத்து ஈயம் இன்னும் கொஞ்சம் இருக்கக்கூடும். பெற்றோலில் கலந்த ஈயம் வேறு, இலங்கையில் 2002 வரை எல்லா வீதியிலும் பறந்துகொண்டிருந்தது.

சரி, உள்ளே போன உலோகம் மரபுப்பொருளை என்ன செய்கிறது?

எங்கள் பாடப்புத்தகங்களில் ‘சுயாதீன மூலிகம்’ என்று ஒரு சொல் உண்டு. சோடி இழந்த இலத்திரனோடு அலையும் மூலக்கூற்றுத் துண்டு. சோடி தேடி எதையும் பிய்க்கும். ஒரு முறை மாணவன் ஒருவன் விடைத்தாளில் ‘சுயாதீன மூலிகை’ என்று எழுதியிருந்தான். சிரித்துக்கொண்டே பிழை போட்டேன். பிறகு யோசித்தால், மூலிகத்துக்கு எதிராக மூலிகை என்பதுதானே நாங்கள் ஆராய்வது! அரைப் புள்ளியாவது கொடுத்திருக்கலாம்.

மூலிகங்களில் மோசமானது ஐதரொட்சில். 1894இல் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் இரும்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்தால் நிகழும் தாக்கத்தை எழுதினார்; அதில் பிறப்பது இதுதான். பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடும். பக்கத்தில் இருப்பது மரபுப்பொருளான டி.என்.ஏ என்றால், அதன் நாலு எழுத்துகளில் குவனீன் எளிதில் கடிபடும். கடிபட்ட குவனீன் தன் சோடி மறந்து, சைற்றோசினுக்குப் பதிலாக அடினீனோடு கைகோக்கும். கலம் பிரியும்போது அந்த எழுத்துப்பிழை அச்சாகிவிடும். விகாரம் என்கிறோம். அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு எழுத்து மாறினால் சிலவேளை ஒன்றும் ஆகாது. சிலவேளை ‘கலை’ ‘கொலை’ ஆகிவிடும்.

பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட கடிகள் எங்கள் ஒவ்வொரு கலத்திலும் நாளுக்குப் பத்தாயிரம் அளவில் நடப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மூச்சு விடுவதற்கு நாங்கள் கட்டும் வரி. அதைப் பார்த்துத் திருத்துவதற்கு நொதியங்கள் இருக்கின்றன. அந்தத் திருத்தும் வேலையை விளக்கியதற்காகத்தான் 2015இல் லிண்டால், மொட்ரிச், சஞ்சார் மூவருக்கும் இரசாயன நோபல் கிடைத்தது.

நச்சு உலோகத்தின் கெட்டித்தனம் இங்கேதான். ஈயமும் கட்மியமும் ஆசனிக்கும் இரும்பைப்போல நேரே நெருப்பு மூட்டுவது குறைவு. அவை தீயணைக்கும் வாளியைக் களவெடுக்கின்றன. கலத்துக்குள் குளுற்றதயோன் என்று ஒரு சின்ன மூலக்கூறு உண்டு; மூன்று அமினோ அமிலம், நடுவில் ஒரு கந்தகம். மூலிகம் வந்தால் தன் இலத்திரனைக் கொடுத்து அடக்குவது அதன் தொழில்; தலைப்பில் உள்ள ‘ஒட்சியேற்ற எதிரி’ என்பது இப்படிப்பட்ட பொருள்தான். உலோகத்துக்குக் கந்தகம் என்றால் உயிர். வெள்ளிக் கொலுசு கறுப்பது அந்தக் காதலால்தான். உள்ளே வந்த உலோகம் குளுற்றதயோனின் கந்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, வாளி வெறும் வாளி ஆகிறது. அடுத்ததாக, திருத்தும் நொதியங்கள் சிலவற்றில் நாகம் அணு விரல்போல மடிந்து டி.என்.ஏயைப் பிடித்திருக்கும். கட்மியம் அந்த நாகத்தைத் தள்ளிவிட்டு அதன் கதிரையில் ஏறி உட்காரும். விரல் பிடி தளரும். ஆக, பத்தாயிரம் என்ற வழக்கமான கடிக்கே தீயணைப்பும் இல்லை, திருத்தமும் இல்லை. கட்மியமும் ஆசனிக்கும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிப்பட்ட முதலாம் வகுப்பிலும், ஈயத்தின் கனியச் சேர்வைகள் அதற்கு ஒருபடி கீழேயும் வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சேதத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு துளி இரத்தம் எடுத்து, வெள்ளைக் கலங்களைப் பிரித்து, கடற்பாசிக் கூழில் கலந்து கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூச வேண்டும். உப்பும் சவர்க்காரமும் சேர்ந்த கரைசலில் போட்டால் கலத்தின் மென்சவ்வு கரைந்து டி.என்.ஏ மட்டும் மிஞ்சும். காரக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, ஒளிரும் சாயம் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், காயமில்லாத கலம் பூரணை நிலவுபோல உருண்டையாக நிற்கும். காயப்பட்டதில் அறுந்த துண்டுகள் நேர்முனையை நோக்கி ஓடி, பின்னே ஒரு வால் நீளும். ‘வால்வெள்ளிச் சோதனை’ என்று பெயர்; இன்று பரவலாகக் கையாளப்படும் கார முறையை 1988இல் நரேந்திர சிங் குழுவினர் தந்தார்கள். வாலின் நீளம்தான் கணக்கு. அந்த இருட்டறையில் முதல் முறை வால்களைப் பார்க்கும் மாணவர்கள் “ஐயோ, வடிவாயிருக்கு சேர்” என்பார்கள். உருகிய ஈயமும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வரலாம். வல்லாரை இந்த வாலைக் குறைக்குமா?

இந்தியாவில் குவாலியரில் பாதுகாப்புத்துறையின் ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. இரசாயன ஆயுதங்களுக்கு மாற்று மருந்து தேடும் இடம். அங்கே ஃப்ளோரா என்பவரின் குழு ஆசனிக்கு ஊட்டிய எலிகளுக்கு எங்கள் வீட்டு மரக்கறிகளைக் கொடுத்துப் பார்த்தது. 2005இல் முருங்கை: எலியின் உடலில் ஒட்சியேற்றச் சேதம் குறைந்தது, இழையங்களில் தங்கிய ஆசனிக்கும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவர்கள் கொடுத்தது முருங்கை விதைத் தூள்; நாங்கள் வறுப்பது இலை. அடுத்த ஆண்டு வல்லாரை. குறைந்துபோன குளுற்றதயோன் மீண்டது. ஒட்சியேற்றச் சேதம் தணிந்தது. ஆனால் உடலில் இருந்த ஆசனிக்கு? இருந்தபடியே இருந்தது. வல்லாரை உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் குணம் காட்டவில்லை என்று அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது.

அந்த முடிவை நான் மாணவர்களுக்கு வருடாவருடம் வாசித்துக் காட்டுகிறேன். ஓட்டைக் கூரைக்குக் கீழே சட்டி வைத்தது போன்றது வல்லாரையின் வேலை. சட்டி வைப்பது புத்தி, நிலம் ஈரமாகாது. மழை நிற்கவில்லை, ஓடும் மாற்றப்படவில்லை.

அதோடு வல்லாரைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது நனைந்த இடத்தில் படரும்; கிணற்றடி வாய்க்காலோரம், வீதிக் கானோரம். மண்ணில் உள்ள உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் சமர்த்து. மலேசியாவில் அதே காரணத்துக்காக வல்லாரையை மண்ணின் மாசுக்குச் சாட்சி சொல்லும் செடியாக வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, எந்த வல்லாரை என்பது முக்கியம். கராஜுக்குப் பின்பக்கக் கானில் பிடுங்கியது மருந்தா, நோயா என்று சொல்ல எனக்கு ஒரு அளவுகருவி வேண்டும்.

மஞ்சளின் கதை இதைவிடச் சுவையானது. எலியை விட்டு மனிதருக்கு வந்த கதை. மேற்கு வங்காளத்தில் ஆசனிக்கு கலந்த குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வாழும் கிராமத்தவருக்குக் கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தார் குர்குமின் கொடுத்தார்கள். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான பொருள் அது. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 500 மில்லிகிராம், மிளகின் பிப்பரீன் கொஞ்சம் சேர்த்து, மூன்று மாதம். நான் சொன்ன வால்வெள்ளிச் சோதனையில் வால் சுருங்கியது. திருத்தும் திறனும் கூடியது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் அது அச்சானது. மிளகு ஏன்? குர்குமின் தனியே குடலைத் தாண்டுவது அரிது. மிளகின் பிப்பரீனோடு போனால் இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்காகிறது என்று 1998இல் பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் கண்டார்கள். எங்கள் ஆச்சிமார் சரக்குக்கு மஞ்சளோடு மிளகை ஏன் அரைத்தார்கள் என்று யாரும் இப்போது மார்தட்டக் கூடாது. அவர்கள் ருசிக்கும் பிரசவ உடம்புக்கும் அரைத்தார்கள். பிப்பரீனைத் தெரிந்து அரைக்கவில்லை. தெரியாமல் செய்தாலும் நல்லதுதான், ஆனால் அதை விஞ்ஞானம் என்று பட்டம் கட்டுவது இரண்டுக்கும் மரியாதை அல்ல.

ஒரு கணக்குப் போடுவோம். 100 கிராம் மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 கிராம். கொல்கத்தாவில் கொடுத்த நாளொன்றுக்கான அளவு ஒரு கிராம். அதைச் சமையலில் எடுக்க, ஒரு ஆள் ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும், பத்துத் தேக்கரண்டி. நாங்கள் முழுக் குடும்பத்துக் கறிக்குப் போடுவது அரைத் தேக்கரண்டி. கறி மஞ்சளால் பிள்ளைக்குக் கவசம் போட்டாயிற்று என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இனி வருவதுதான் கசப்பு. வங்கதேசத்தில் 1980களில் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு நிறம் மங்கிய மஞ்சள் கிழங்கை விற்க, வியாபாரிகள் ஈயக் குரோமேற்றைப் பூசத் தொடங்கினார்கள். பளிச்சென்ற மஞ்சள் சாயம். ஈயமும் குரோமியமும் ஒரே பொட்டலத்தில். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று துருவிப் போன ஆய்வாளர்கள் 2019இல் அதை வெளிக்கொண்டுவந்தார்கள். அரசு பிடித்தது, அபராதம் போட்டது, சந்தையில் எச்சரிக்கை ஒட்டியது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் இருந்த ஈயம் 2021இல் பூச்சியம் ஆனது. முனைந்தால் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் 2024இல் வெளியான தென்னாசிய ஆய்வொன்றில் பட்னா, கராச்சி, பெஷாவர் மஞ்சளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டிய ஈயம் இருந்தது.

எங்களுக்கும் இதற்கும் என்ன? 2020இல் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்தது நினைவிருக்கும். சில நூறு ரூபாய் விற்ற கிலோ மஞ்சள் ஆயிரங்களுக்கு ஏறியது. இராமேஸ்வரக் கரையிலிருந்து இரவில் வள்ளத்தில் வந்த மூட்டைகளைக் கடற்படை பிடித்துக்கொண்டிருந்தது. பிடிபடாதது எங்கள் சட்டிக்கு வந்தது. எந்த ஆய்வுகூடமும் பார்க்காத மஞ்சள். விலை ஏறிய எந்தப் பொருளிலும் கலப்படம் ஏறும். ஈயத்திலிருந்து காக்கும் என்று போட்ட மஞ்சளே ஈயத்தைக் கொண்டுவருமானால், வேலியே பயிரை மேய்ந்த கதை. கிழங்காக வாங்கி, பிளந்து உள்ளே நிறம் பார்த்து, வீட்டில் இடியுங்கள். பூச்சு நிறம் வெளித்தோலில் மட்டும் பளபளக்கும், கையில் ஒட்டும். இதே சந்தேகத்தை நாட்டு மருந்துக் கடைச் செந்தூர பற்பங்களிலும் வையுங்கள்: பொஸ்ரனில் 2004இல் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ இரசமோ ஆசனிக்கோ இருந்தது.

இலைக்குப் பதில் மாத்திரை விழுங்கலாமே என்று சிலர் நினைப்பீர்கள். ‘அன்ரி ஒக்சிடன்ற்’ என்று போத்தலில் எழுதி, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவந்து தரும் அந்த மாத்திரைகள். பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களுக்கு பீற்றா கரற்றீன், விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது உலகம் திகைத்தது: பீற்றா கரற்றீன் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 வீதம் கூட. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில் புகைப்பவர்கள், கல்நார்த் தொழிலாளர் மீது நடந்த சோதனையை 28 வீதக் கூடுதல் கண்டு இடையில் நிறுத்தினார்கள். செலனியமும் விற்றமின் ஈயும் கொடுத்த இன்னொரு பெரிய சோதனையில், விற்றமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு முன்னிற்குஞ்சுரப்பிப் புற்று 17 வீதம் கூடியது. தீயணைப்பு வாளியைப் புற்றுக் கலமும் எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் போலும்.

ஒரே பொருள் இடம் மாறினால் எப்படி மாறும் என்பதற்குக் குரோமியம்தான் சரியான பாடம். தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேற்றுத் தொழிற்சாலை ஒன்று இரண்டு லட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவை மலைபோல விட்டுப்போயிருக்கிறது. மழை பெய்தால் மஞ்சள் நீர் ஓடும். அது ஆறு வலுவுள்ள குரோமியம். வயிற்றில் விற்றமின் சீ அதைச் சந்தித்தால் மூன்று வலுவாகத் தாழ்த்திவிடும். மூன்று வலுவுள்ளதால் கலத்துக்குள் நுழைவது கடினம், ஆபத்துக் கழிந்தது. ஆனால் தப்பி உள்ளே நுழைந்த குரோமியத்தை அதே விற்றமின் சீ கலத்துக்குள் தாழ்த்தினால், அந்தத் தாக்கத்தின் நடுவிலேயே டி.என்.ஏயோடு குரோமியம் ஒட்டிக்கொள்கிறது. வாசலில் காவல்காரன், அறைக்குள் கூட்டுக்களவாளி. ஒட்சியேற்ற எதிரி என்றாலே நல்லவன் என்று எழுதும் விளம்பரக்காரர் இதைப் படிப்பதில்லை.

எங்கள் ஊருக்கே உரிய உலோகம் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் யாழ்ப்பாணத்தானாக நான் நேர்மையில்லாதவன். புகையிலை. ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை போன சரக்கு. வலிகாமத்துச் செம்மண்ணில் எத்தனை பேரின் படிப்பை, எத்தனை கல்வீட்டை அது கட்டித் தந்தது! அந்தச் செடிக்கு மண்ணிலுள்ள கட்மியத்தை இலைக்கு ஏற்றிவைக்கும் வித்தை இருக்கிறது. கட்மியம் மண்ணுக்கு வருவது பெரும்பாலும் பொசுபேற்று உரத்தோடு. ஒரு சிகரெட்டில் ஒன்று இரண்டு மைக்ரோகிராம் கட்மியம் உண்டு. சோற்றோடு வயிற்றுக்குள் போகும் கட்மியத்தில் நூற்றுக்கு ஐந்து அளவே உடலில் சேரும். புகையாக நுரையீரலுக்குப் போனால் கால்வாசியிலிருந்து பாதி வரை சேரும். புகைப்பவர் உடலில் கட்மியம் மற்றவரைப்போல் இரண்டு மடங்கு. சேர்ந்தது சிறுநீரகத்தில் பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டு. மத்தியானம் வல்லாரைச் சம்பல், பின்னேரம் சுருட்டு என்று வாழ்ந்த எங்கள் பெரியவர்கள் ஒரு கையால் நட்டு மறு கையால் பிடுங்கினார்கள். வெற்றிலைக்குள் புகையிலை வைத்து மெல்லுவதால் வரும் வாய்ப்புற்று வேறு கணக்கு. அதைத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கேளுங்கள். 2011இல் தெற்குமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் கட்டிய வைத்தியசாலை அது. நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து வந்தவர்கள் கட்டித் தந்ததை, வாயில் வைக்கும் ஒரு துண்டு புகையிலையால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் இலையைக் கைவிடுவதா? அப்படிச் சொல்லவில்லை. இலை வேறொரு வாசலில் வேலை செய்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடலில் இரும்பை உள்ளே எடுக்கும் அதே கதவாலும் ஈயமும் கட்மியமும் நுழைகின்றன. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் குடல் அந்தக் கதவைப் பெரிதாகத் திறந்துவைக்கும். நுழைவது இரும்பா ஈயமா என்று பார்க்காது. இரும்பும் கல்சியமும் போதுமான பிள்ளைக்குக் கதவு ஒடுங்கியிருக்கும். வெறும் வயிறு உறிஞ்சும் ஈயத்தில் சிறு பங்குதான் சாப்பிட்ட வயிறு உறிஞ்சும். வங்கதேசத்தில் 2007இல் வந்த ஆய்வொன்றில், கீரையில் உள்ள ஃபோலேற்றை மாத்திரையாக 12 கிழமை கொடுத்தபோது, அது குறைவாக இருந்தவர்களின் இரத்த ஆசனிக்கு 14 வீதம் அளவில் இறங்கியது. உடல் ஆசனிக்கை உருமாற்றிச் சிறுநீரில் கழிக்க ஃபோலேற்று உதவுகிறது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, நெத்தலி, காலையில் வெறுவயிற்றோடு பள்ளிக்கு அனுப்பாமை. மாத்திரைப் போத்தலைவிட இவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ஈயம் ஏற்கெனவே மிகக் கூடியிருந்தால், டெசிலீற்றருக்கு 45 மைக்ரோகிராமைத் தாண்டினால், உலோகத்தைக் கட்டி இழுத்து வெளியேற்றும் மருந்து உண்டு. அதை வைத்தியர் கொடுக்க வேண்டும், இணையத்தில் வாங்கி விழுங்கக் கூடாது.

ஆக, அம்மா, காணாது. குடுங்கோ, ஆனால் காணாது. நல்ல மண்ணில் வளர்ந்த வல்லாரையும் முருங்கையும் உங்கள் பிள்ளையின் கலத்துக்கு ஒரு கை கொடுக்கும். கிணற்றுக்குள் வந்ததைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்த வேண்டியது இலையின் வேலை இல்லை. கராஜ்காரர், பிரதேச சபை, மின்நிலையம், உரம் விற்பவர், ஆய்வுகூடத்தில் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது. அந்த அம்மா இன்று இங்கே இல்லை. சுன்னாகத்திலிருந்து வந்தவர்கள் யாராவது சொல்லிவிடுங்கள்.

எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். கடற்கரை ஊர்களில் இன்னும் வீட்டு வளவில் ஈயம் உருக்குகிறார்கள். உருக்கத்தான் வேண்டுமென்றால் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள்; உடுப்பை மாற்றிக் கைகால் கழுவிய பிறகு வீட்டுக்குள் போங்கள். உருக்கிய பாத்திரம் எதுவாயினும், எவ்வளவு தேய்த்தாலும், அடுப்படிக்குத் திரும்ப வேண்டாம். அந்தத் தாச்சியில் வறுத்த கோப்பியை நான் எத்தனை நாள் குடித்தேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. உங்கள் வீட்டுக் கோடியில் அப்படியொரு தாச்சி கிடந்தால் இன்றிரவே துளையிட்டு விடுங்கள்.